கலுங்கும் மதகும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்த ஊருக்குத் திரும்பிப் போகிறவர்களைப் பற்றிச் சென்ற மாத இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை தவறாகப் புரிந்துகொண்டேனோ என்ற ஐயத்தால்தான் மறுபடியும் படித்தேன். "ஊருக்குத் திரும்புகிறவர்கள் தேடுவது தங்கள் இளமையைத்தான், கண்மாயும் மரமும் அதற்கு ஒரு சாக்கு" என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். தாங்களும் அந்த வரியைப் பெரிய எழுத்தில் எடுத்து, பக்கத்தின் நடுவே கட்டம் கட்டி அச்சிட்டிருக்கிறீர்கள். முப்பத்தொரு ஆண்டுகளாகச் சந்தா கட்டி இந்த இதழைப் படித்துவருகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்த வரி என்னை மிகவும் புண்படுத்தியது.

தம் கருத்துக்குச் சான்றாக அவர் புறநானூற்றின் 243ஆம் பாட்டைக் காட்டியிருக்கிறார். தாங்கள் அறியாத பாட்டல்ல. நீரைத் தொடுமளவு தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் திகைக்க, ஆழ்ந்த மடுவில் 'துடும்' எனப் பாய்ந்து, அடிமணலை அள்ளி வந்து காட்டிய பிள்ளைப் பருவத்தை, இப்போது பூண் போட்ட தடியை ஊன்றி, இருமலுக்கு நடுவே சில சொற்களே பேச முடிந்த ஒரு முதியவர் நினைத்து இரங்கும் பாட்டு அது. அந்தத் தடியாலேயே தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர் பெற்ற புலவர், 'யாண்டுண்டு கொல்லோ' என்று கேட்பது தம் இளமையைத்தான். மடு எங்கே போயிற்று என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய நிலை வந்ததாகப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. எனக்கும் இளமை போனதில் வருத்தம் இல்லை. 64 வயதில் அது போயிருக்கத்தான் வேண்டும். நான் குதித்த நீர் எங்கே என்பதுதான் என் கேள்வி. அதை முதுமையின் ஏக்கம் என்று ஒதுக்கிவிட்டால், அந்த நீரைத் தொலைத்தவர்கள் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது.

நான் பிறந்தது சிவகங்கை மாவட்டத்தில், ஆற்றுப் பாசனம் எட்டாத ஒரு சிற்றூரில். கல்லூரிப் படிப்புக்காக 1979இல் கிளம்பியவன், வேலை, குடும்பம் என்று வெளியூரிலேயே தங்கிவிட்டேன். தாயார் காலமான பிறகு 22 ஆண்டுகள் ஊர்ப்பக்கம் போகவே இல்லை. அது என் குற்றம்தான், மறுக்கவில்லை. கடந்த தை மாதம் போனேன். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையை நம்பித்தான் எங்கள் பக்கத்து வெள்ளாமை என்பதால், தை மாதத்தில் கண்மாயில் தண்ணீர் தளும்பி நிற்கும். பேருந்தை விட்டு இறங்கினால் கரைமேலேயே நடந்து வீட்டுக்குப் போவோம். ஒரு பக்கம் நீர், மறுபக்கம் முற்றிய கதிர். இந்த முறை கரையில் ஏறியபோது, நீர் நிற்க வேண்டிய உள்வாய் முழுவதும் சீமைக்கருவேலம்தான் நின்றது.

நீர் திறந்துவிடும் மடையில் நட்ட மடைக்கல் இரண்டும் இன்னும் இருக்கின்றன. அவற்றை இணைக்கும் குறுக்குக்கல்லில் வரிசையாக உட்கார்ந்துதான் நாங்கள் நீரில் குதிப்போம். முள்ளை ஒதுக்கிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தேன். இடப்பக்கத்துக் கல்லில், என் தோள் உயரத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு உண்டு. நீர் அந்த வெட்டைத் தொட்டுவிட்டால் மறுநாள் விடிவதற்குள் கண்மாய் நிறைந்து, மிகுந்த நீர் வழியும் இடமான கலுங்கு பாயும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதைப் பார்த்து வந்து சொல்வது எங்களைப் போன்ற பையன்களின் வேலை. அந்த வெட்டுக்குள் செவ்வெறும்புகள் புற்று வைத்திருந்தன. விரலை வைத்துப் பார்த்தேன், ஈரம் பட்ட அடையாளமே இல்லை. கலுங்கில் வரிசையாக நட்டிருந்த பதினொரு கற்களில் ஐந்துதான் மிச்சம். துண்டை விரித்துக் கெண்டை பிடித்த அந்த இடத்தில் உடைந்த கண்ணாடிப் புட்டிகள் கிடந்தன.

மழை இல்லையா என்று, அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த, என்னைவிடப் பத்து வயதாவது மூத்த ஓர் அம்மாவிடம் கேட்டேன். "மழைக்கு என்ன கொறை தம்பி? தண்ணி வார பாதைய அடைச்சுப்புட்டாக" என்றார். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலின் தடம் பிடித்து நடந்து போனேன். அரை மைல் தொலைவில் மஞ்சள் பூசிய மனைக்கற்கள். மாட்டுவண்டி இறங்கி ஏறிய அகலம் இருந்த கால்வாய், அங்கே ஒரே ஒரு சிமெண்டுக் குழாய்க்குள் நுழைகிறது. அந்தக் குழாயின் வாயும் மண் மூடிக் கிடக்கிறது. இதைப் பார்த்துவிட்டு வந்தவனைத்தான் இளமையைத் தேடுகிறவன் என்கிறது தங்கள் இதழ்.

எல்லா ஊரும் இப்படி ஆகிவிடவில்லை. எங்கள் மாவட்டத்திலேயே திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிக் கண்மாய் 1977 முதல் பறவைகள் சரணாலயமாக இருக்கிறது. பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. என் வயதுக்காரர் ஒருவர் அந்த ஊருக்குத் திரும்பினால் அவருக்கும் இளமை போயிருக்கும், ஆனால் அவர் பார்த்து வளர்ந்த நாரைகள் மரத்தில் இருக்கும். இரண்டு ஊர்க்காரர்களின் வருத்தத்தையும் ஒரே தட்டில் வைத்து எடை போடுவது நியாயமா என்று கட்டுரையாளரைத் தாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

சட்டம் இல்லாமலும் இல்லை. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. ஆனால் அது பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்த நீர்நிலைகளுக்கானது. எங்களுடையதைப் போல 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள சிறு கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் கணக்கில் வருபவை. பஞ்சாபில் ஒரு சிற்றூரின் குளத்தைத் தூர்த்து வீடு கட்டிய வழக்கில், ஊர்ப் பொதுநிலங்களை மீட்டுத் தர வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. அந்தத் தீர்ப்பின் படியை இணைத்து ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். கண்மாய் மட்டும்தான் தங்களுடையது, கால்வாய் வேறு அலுவலகம் என்றார்கள். அந்த வேறு அலுவலகத்தில், கால்வாய் கண்மாயோடு சேர்ந்தது என்றார்கள். இரண்டு ஒப்புகைச் சீட்டுகளும் என்னிடம் இருக்கின்றன.

தங்கள் இதழின் மீதும் எனக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. இதுவரை அடக்கி வைத்திருந்ததை இன்று சொல்லிவிடுகிறேன். 2012இல் என் கடிதம் ஒன்றை வெளியிட்டீர்கள். எங்கள் ஊர்க் கலுங்கில் மீன் பிடித்ததைப் பற்றிய எட்டு வரிகள் அவை. அச்சில் 'கலுங்கு' என்ற சொல் இரண்டு இடங்களிலும் 'மதகு' என்று மாறியிருந்தது. அடுத்த இதழில் இன்னொரு வாசகர், "மதகு வழியாக மறுகால் பாய்கிறது என்று எழுதுகிறவர் கண்மாயைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார்" என்று எழுதினார். நிறைந்து வழியும் நீரான மறுகால் கலுங்கில்தான் பாயும், மதகில் அல்ல. அவர் கடிதத்தை வெளியிட்டீர்கள். நான் அனுப்பிய விளக்கத்தை வெளியிடவில்லை. மடைக்கல்லில் உட்கார்ந்து வளர்ந்தவன் கண்மாயைப் பார்த்ததில்லை என்ற பேச்சைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு பொங்கல் இதழின் அட்டையிலும் நீர் நிறைந்த கண்மாயின் படத்தைப் போடுகிறீர்கள். வறண்ட கண்மாய் ஒன்று உள்பக்கத்தில்கூட வந்ததாக எனக்கு நினைவில்லை.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் ஏறத்தாழ 48 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்கிறார்கள். அவர்களில் பலர் என்னைப் போலக் கிளம்பி வந்தவர்கள்தான். என்றாவது ஒரு நாள் அவர்களும் திரும்பிப் போய் ஒரு கரைமேல் நிற்பார்கள். எதைப் பார்த்து வருந்தினார்கள் என்று அவர்களைக் கேட்ட பிறகு இப்படிப்பட்ட கட்டுரைகளை வெளியிட்டிருக்கலாம்.

கட்டுரையைத் திரும்பப் பெறும்படி நான் கேட்கவில்லை. கட்டுரையாளர் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. 2012இல் விடுபட்ட திருத்தத்தை மட்டும் அடுத்த இதழில், தங்களுக்கு எந்தப் பக்கத்தில் வசதியோ அந்தப் பக்கத்தில், கீழ்க்கண்டவாறு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்:

"மதகு என்பது பாசனத்துக்காகக் கண்மாயிலிருந்து நீரைத் திறந்துவிடும் வழி. கலுங்கு என்பது கண்மாய் நிறைந்த பிறகு மிகுந்த நீர் தானாக வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும் இடம். வாசகர் கலுங்கு என்றே எழுதியிருந்தார்."

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்