அக்கா, அந்தக் காலை ஒருமுறை காட்டிவிடுவோம்

அன்புள்ள அக்காவுக்கு,

ஆடிப்பட்டத்துக்கு விதை எல்லாம் தயாரா என்று உங்களிடம் கேட்கவே வேண்டாம். வெண்டையும் கொத்தவரையும் இந்நேரம் கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருக்கும். சிறகு அவரையை மட்டும் இந்த முறை விட்டுவிடாதீர்கள். பகல்பொழுது குறையத் தொடங்கினால்தான் அது பூக்கும். ஆடியில் ஊன்றினால் ஐப்பசி, கார்த்திகையில் பந்தல் முழுக்கப் பூவும் பிஞ்சுமாகப் பார்க்கலாம். தையில் ஊன்றிவிட்டு, "கொடி காடாட்டம் போகுது, காய் ஒண்ணுகூட இல்லை" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி இன்னும் இருந்தால் லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்கால வேளையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகிவிடும்.

ஆனால் இன்று எழுத உட்கார்ந்தது செடிக்காக இல்லை, உங்கள் காலுக்காக. எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதட்டுமா என்று கேட்டபோது, "தாராளமா எழுது, சுகர் இல்லாத வீடு எது?" என்றீர்கள். அந்த தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு மாடியில் எலுமிச்சைத் தொட்டியை வெயில் படும் பக்கமாக நகர்த்தினோமே, அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்துக்கொண்டேன். பைப்பைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கத்தரிப் பைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகிறீர்கள். பின்னால் வந்த நான் தரையைப் பார்த்தேன். ஈரத் தடம் இரண்டு கால்களுக்கும் விழுந்திருந்தது. வலது காலின் தடத்தில் மட்டும், கட்டைவிரலுக்குக் கீழே, குங்குமம் கரைந்த மாதிரி சிவப்பு. பாகல் பந்தல் வரைக்கும் போய், திரும்பித் தொட்டி வரைக்கும் வந்திருந்தது அந்தத் தடம். உட்கார வைத்துப் பார்த்தால் எலுமிச்சை முள் முழுசாக உள்ளே இறங்கி, மேலே கறுப்புப் புள்ளி மட்டும் தெரிகிறது. நான் ஊக்கைச் சுட்டு, நெம்பி எடுக்கும்வரை நீங்கள் முகம் சுளிக்கவே இல்லை. மாமா காபிக்குச் சர்க்கரை போட்டாரா என்று கீழே பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். "வலிக்கலையாக்கா?" என்றதற்கு, "எனக்கென்ன, காய்ச்சுப்போன காலு" என்றீர்கள்.

காய்ச்சுப்போன காலுக்கும் முள் வலிக்கும், அக்கா. நாள் முழுக்க வயலில் நிற்கிற ஆட்கள்கூட முள் குத்தினால் "ஸ்" என்று காலைத் தூக்கிவிடுவார்கள்.

பல வருஷச் சர்க்கரை நரம்புகளை மெல்ல அரித்துவிடுகிறது. உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. அதனால் முதலில் கெடுவதும் அங்கேதான். விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்ட இடம் மாதிரி மேலே ஏறும். சிலருக்கு ராத்திரியில் எரிச்சல், ஊசி குத்தல் என்று முன்கூட்டியே சொல்லும். சிலருக்கு ஒரு சத்தமும் இல்லாமல் மரத்துப்போகும். மார்கழியில் கோயிலுக்குப் போனபோது உங்கள் செருப்பு ஒன்று வழியிலேயே கழன்று விழுந்து, வீட்டு வாசலில்தான் கவனித்தோம், ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு எல்லாரும் அதை மறதி என்று விட்டுவிட்டோம். தரையில் நடப்பது பஞ்சு மெத்தையில் நடப்பதுபோல இருக்கிறது என்று நீங்கள் சொன்னதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

நாம் போக நினைக்கிற கொல்லிமலையில்தான் இதைப் பற்றி உலகத்துக்கே பாடம் எடுத்த ஒருவர் பிறந்தார். பால் பிராண்ட் என்ற மருத்துவர். பிறந்த வருஷம் 1914. அப்பா ஜெஸ்ஸி பிராண்டும் அம்மா எவலினும் மலைமேல் தங்கி வேலை செய்த மிஷனரிகள். மலைக்காய்ச்சல் முற்றி 1929ல் அப்பா இறந்துபோனார். முதுமையிலும் மலைகளை விட்டு இறங்காத அம்மா 1974ல் காலமானார். மகன் லண்டனில் டாக்டருக்குப் படித்து 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அந்தக் காலத்தில் தொழுநோய் வந்தால் விரல்கள் அழுகி விழுந்துவிடும், அது கிருமி செய்கிற வேலை என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். அவரும் கூட இருந்தவர்களும் நோயாளிகளின் கையையும் காலையும் தினமும் பார்த்துப் பார்த்துக் கண்டது வேறு. கிருமி நரம்பை மரக்கச் செய்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு சூடான பாத்திரமும் முள்ளும் உடைந்த கண்ணாடியும் சேர்ந்து விரலை எடுத்துவிடுகின்றன. வலி தெரியாததால் அந்த மனிதர் புண்ணோடேயே நடக்கிறார், புண்ணோடேயே வேலை செய்கிறார்.

அங்கே சில நோயாளிகளுக்கு ராத்திரி தூங்கி எழுந்தால் விரலில் ஒரு துண்டைக் காணோம். காரணம் புரியாமல் ராத்திரி காவல் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். எலி வந்து கடித்துத் தின்றுகொண்டிருக்கிறது, படுத்திருப்பவருக்கு உறக்கம் கலையவே இல்லை. அதன் பிறகு வீட்டுக்கு அனுப்பும் நோயாளிகளுக்குப் பூனையும் கொடுத்து அனுப்பினார்களாம். படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

பிராண்ட் பின்னால் அமெரிக்கா போய், இதே பாடத்தைச் சர்க்கரைக்காரர்களின் பாதத்துக்கும் சொன்னார். நோய் வேறு, மரத்த கால் ஒன்றுதான். இன்று மருந்துக் கடையில் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் எடுத்துத் தருகிறார்களே, அந்த மெத்தென்ற ரப்பரும் தொழுநோயாளிகளின் பாதத்துக்காக முதலில் பயன்பட்டதுதான்.

இதையெல்லாம் சொல்வதால் தோட்டத்தை விடச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் மகன் போனில் "அந்த மாடியை மூடிப் போடுங்கம்மா" என்று சத்தம் போட்டதாகச் சொன்னீர்கள். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. காலையும் மாலையும் படி ஏறி இறங்கி, குனிந்து நிமிர்ந்து, வாரத்தில் பாதி நாள் சொந்தக் கீரை சாப்பிடுகிற உங்களுக்கு அந்த மாடிதான் பாதி மருந்து. மாமா ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு நீங்கள் இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொள்கிற இடமும் அதுதான். அதை யாரும் மூட வேண்டாம். வெறுங்காலோடு ஏறுவதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள்.

மண்ணை மிதித்தால் உடம்புக்கு நல்லது என்று நீங்கள் சொல்வீர்கள். உணர்ச்சியுள்ள காலுக்கு அது சரி. உங்கள் மாடியில் மண்ணைவிட சிமெண்ட் தரைதான் அதிகம், சித்திரை வெயிலில் அது தோசைக்கல். சூடு தெரிந்தால் நாம் ஓடி நிழலுக்குப் போவோம். தெரியாதவர் நின்று தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டுத்தான் வருவார், ராத்திரி கொப்புளம் கட்டியிருக்கும். முன்பக்கம் மூடிய கேன்வாஸ் ஷூ ஒன்றை மாடிக்கென்றே படியோரம் வைத்துக்கொள்ளுங்கள். போடும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள். தேள், பூரானுக்கு மட்டும் சொல்லவில்லை, சின்னக் கல் ஒன்று உள்ளே கிடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. வெள்ளைக் காலுறை போட்டால் இரத்தம் கசிந்தால் உடனே கண்ணில் படும். உரம் கலக்கும்போது கையுறை. மண்புழு உரம், மாட்டுச் சாணம், பஞ்சகவ்யா எல்லாம் செடிக்கு அமிர்தம்தான், திறந்த புண்ணுக்கு இல்லை. டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லை என்றால் அதையும் போட்டுவிடலாம். மழைக்காலத்தில் மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கிற ஒரு கிருமி மெலியாய்டோசிஸ் என்ற கடுமையான காய்ச்சலைத் தருகிறது. சின்னக் காயம் போதும் அது உள்ளே போக, சர்க்கரை உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. ஐப்பசி மழையில் சேற்றில் கைவிடும்போது இது நினைவில் இருக்கட்டும்.

ராத்திரி படுக்கும் முன் பாதத்தைப் பாருங்கள். குனிந்து பார்க்க முடியாவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துக் காலை மேலே காட்டுங்கள், இல்லை மாமாவைப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் இடுக்கை ஈரம் போகத் துடைத்துவிட்டு, பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், இடுக்கில் மட்டும் வேண்டாம். கால் ஆணிக்கு மருந்துக் கடையில் விற்கிற பிளாஸ்டரை ஒட்டவே ஒட்டாதீர்கள், அதில் இருக்கிற அமிலம் நல்ல தோலையும் புண்ணாக்கிவிடும். பிளேடால் சீவுவதும் வேண்டாம். மரத்துப்போன காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு, அதில் வெந்துபோன கால்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி பயணத்துக்கு வருகிறேன். ஆடிப் பெருக்கையொட்டி வல்வில் ஓரி விழாவுக்குப் போகலாம் என்றீர்கள், போவோம். காரவள்ளியிலிருந்து ஏறினால் எழுபது கொண்டை ஊசி வளைவு. நீங்கள் காலை மாத்திரையைப் போட்டு, சாப்பிட்டுவிட்டு ஏறி, பாதியில் வாந்தி எடுத்துவிட்டால் சாப்பாடு வெளியே வந்துவிடும், மாத்திரை உள்ளே வேலை செய்யும், சர்க்கரை சடாரென்று இறங்கும். முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஒரு பாதை இருக்கிறது. நான் அந்தப் பாதைக்குத்தான் ஓட்டுப் போடுவேன். எந்த வழியானாலும் குளுக்கோஸ் பாக்கெட் என் பையிலும் இருக்கும், உங்கள் பையிலும் இருக்கட்டும். மாத்திரை நேரத்தைப் பற்றி டாக்டரிடமே கேட்டுக்கொள்வோம்.

ஆகாய கங்கைக்கு நீங்கள் இறங்குவதில் எனக்கு விருப்பமில்லை. ஆயிரத்துக்கு மேல் படி, கீழே பாசி பிடித்த பாறை. வழுக்கினால் வலி தெரிந்த காலே தடுமாறும். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, மாசிலா அருவிப் பக்கம் உட்காரலாம், அங்கே இவ்வளவு படி இல்லை. அருவி என்றாலும் செருப்பைக் கழற்ற வேண்டாம். பின்பக்கம் வார் வைத்தது போட்டுக்கொள்ளுங்கள். சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் மணக்கும், இரண்டு சுளையோடு நிறுத்த வேண்டியது உங்கள் பொறுப்பு. மிளகும் சாமையும் வேண்டிய மட்டும் வாங்குங்கள்.

திருவண்ணாமலைப் பௌர்ணமி கிரிவலம்தான் எனக்கு நெருடுகிறது. வெறுங்காலோடு பதினான்கு கிலோமீட்டர். தார் ரோடு, கல், கண்ணாடிச் சில்லு. நேர்ச்சை என்றீர்கள், அதற்கு மேல் வாதாட எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். இந்த முறை மலை தெரிகிற இடத்தில் உட்கார்ந்து கும்பிடுவோம். கோயிலுக்குள் பகலில் போக வேண்டியிருந்தால் கனமான காலுறையோடு போங்கள். வெயிலுக்குக் கயிற்றுப் பாய் விரித்திருக்கிற இடத்தில் மட்டும் நடங்கள், கருங்கல் தளத்தில் கால் வைக்காதீர்கள். காலுறை போட்டால் சாமி குற்றம் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

வியாழக்கிழமை காலை உங்களுக்குப் பாதப் பரிசோதனைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை. தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை வைத்திருப்பார்கள், பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற அளவு. கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் அங்கங்கே தொடுவார்கள், தெரிகிறதா என்று கேட்பார்கள். அதிர்வைப் பார்க்க ஒரு சின்னக் கருவி வைப்பார்கள். கணுக்காலில் பிரஷர் பார்த்து இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று சொல்வார்கள். ஊசி இல்லை, கத்தி இல்லை. சர்க்கரை உள்ள ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டிய பரிசோதனை இது. செலவைப் பார்த்துத் தயங்குகிற நம் வாக்கிங் கூட்டத்துக்கும் சொல்லுங்கள், அரசு மருத்துவமனைகளிலும் 'பாதம் பாதுகாப்போம்' திட்டத்தில் இதைப் பார்க்கிறார்கள். முள் எடுத்த இடத்தையும் அவர்களிடமே காட்டுவோம். அதற்குள் சிவந்தாலோ, வீங்கினாலோ, நீர் வடிந்தாலோ வியாழன் வரை காத்திருக்க வேண்டாம், ராத்திரி என்றாலும் கூப்பிடுங்கள்.

ஒன்பதரைக்கு ஆட்டோவோடு வாசலுக்கு வருகிறேன். இது வெறும் வயிற்றில் செய்கிற டெஸ்ட் இல்லை, இட்லி சாப்பிட்டு மாத்திரையும் போட்டுவிட்டு வாருங்கள். பழைய சுகர் நோட்டு டி.வி. அலமாரியில் இருக்கிறது என்றீர்கள், அதையும் நீங்கள் தினமும் போடுகிற செருப்பையும் எடுத்துவையுங்கள். தேய்மானம் எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை