சின்னவனுக்கு ஒரு ரைஃபிள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் நிறுத்த விடாதே. வலிக்கிறது என்று பாதியில் விட்டுவிடுகிறவர்கள்தான் அப்புறம் ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள். மூத்தவள் விலங்கியலே எடுத்துவிட்டாள் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். அவளை ஒரு தடவை முண்டந்துறைக்குக் கூட்டிப் போ. நாம் கல்லூரியில் படிக்கும்போது ஜீப்பை நிறுத்தி, மூச்சு விடாமல் மிளா மான் பார்த்தோமே, அந்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறதா?

கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தாய்: "மானைச் சுட உன் பிள்ளைக்கு நீயே துப்பாக்கி வாங்கித் தருகிறாயா?" கோபத்தில் கேட்கவில்லை என்று தெரியும். ஆனாலும் உன் வருத்தம் புரிந்தது. 1972 வனவிலங்குச் சட்டத்தைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நீ. நம் ஊரில் இருந்திருந்தால் நானும் இதைத்தான் கேட்டிருப்பேன். இதை ஃபோனில் சொல்ல வராது, எழுதினால்தான் வரும்.

பென்சில்வேனியாவின் மலைப்பக்கத்துக்கு, வில்லியம்ஸ்போர்ட் அருகே, நாங்கள் குடிவந்தபோது எனக்கு இங்கே மான் என்றால் என்ன என்றே தெரியாது. இங்குள்ளது வெள்ளைவால் மான். பயந்து ஓடும்போது வாலைத் தூக்கும். அடிப்பக்கம் பளீரென்று வெள்ளையாகத் தெரியும். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் காடுகளையும் வெட்டி, கணக்கில்லாமல் சுட்டும் தீர்த்ததில் இந்த மாநிலத்தில் மானே அருகிப்போயிற்று. 1895இல் வேட்டை விலங்குகளுக்கென்று ஒரு ஆணையம் வைத்தார்கள். 1906இல் மிச்சிகனிலிருந்து மான் வாங்கிக் கொண்டுவந்து விட்டார்கள். 1907இல் பெண்மானைச் சுடக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். அதற்குள் ஓநாயும் மலைச்சிங்கம் என்கிற பூமாவும் இங்கே இல்லாமல் போயிருந்தன. தின்பதற்கு ஆளில்லாத மான் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச வருஷத்திலேயே பெருகி, காட்டின் அடித்தளத்தையே மேய்ந்துவிட்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள காட்டில் பெரிய ஓக் மரங்கள் நிற்கின்றன; அடியில் ஓக் கன்று ஒன்றைக் காண்பது அபூர்வம். சாலையில் காரில் அடிபட்டுக் கிடக்கும் மான்களை வேலைக்குப் போகும் வழியில் பார்த்துக்கொண்டே போகிறேன். அவை பெரும்பாலும் உடனே சாவதில்லை.

அதனால் இங்கே வேட்டை என்பது, ஓநாய் செய்துகொண்டிருந்த வேலையை மனிதன் எடுத்துச் செய்வது. இதை நான் முழுமனதோடு நம்புகிறேன். எந்தப் பகுதியில் எத்தனை பெண்மான் உரிமம் என்று வருஷா வருஷம் ஆணையம் தீர்மானிக்கிறது. ரைஃபிள் போன்ற நீளத் துப்பாக்கி, தோட்டா இவற்றின் மேல், தயாரிப்பாளர் விற்கும் விலையில் 11 சதவீதம் மத்திய அரசு வரி போடுகிறது. 1937இல் வந்த சட்டத்தின்படி அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்கே திரும்புகிறது. நம் ஊர்க் காட்டுக்கு இது பொருந்தும் என்று நான் சொல்லவே மாட்டேன். முண்டந்துறையில் புலியும் சிறுத்தையும் செந்நாயும் இருக்கின்றன. அங்கே மான் அவற்றின் சாப்பாடு. இங்கே அப்படி இல்லை.

சரி, சின்னவன் விஷயம். பக்கத்துப் பண்ணைத் தாத்தா ஒருவர் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறேனே, அவரோடு சுற்றிச் சுற்றித்தான் இவனுக்கு இந்த ஆசை வந்தது. தடம் பார்ப்பான், எச்சம் பார்ப்பான், ஆண்மான் கொம்பை உரசின மரத்தைக் காட்டுவான். நமக்கு அந்த வயதில் யாராவது இப்படிக் காட்டைக் காட்டியிருந்தால்! வேட்டைக்கல்வி வகுப்புக்கு அவனோடு நானும் போய் உட்கார்ந்து பரீட்சை எழுதினேன். அது முடிக்காமல் உரிமம் கிடையாது. இந்தப் பிறந்தநாளோடு 14 முடிந்தது. சொந்த ரைஃபிள் வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. தாத்தாவின் பழைய ரைஃபிளைத் துடைத்து வைக்கும்போது அவன் முகத்தைப் பார்த்து நான்தான் முடிவு செய்தேன்.

எதை வாங்குவது என்பதில்தான் வீட்டில் பெரிய பட்டிமன்றம். என் வீட்டுக்காரர் சொன்னது 30-06. 1906இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த தோட்டா. இன்றைக்கும் அமெரிக்கக் காடுகளில் அதற்கு மரியாதை. "வளர்கிற பிள்ளை, பெரிதாகவே வாங்கிவிடலாம்" என்றார். பள்ளிக்கூடச் சட்டையை ரெண்டு சைஸ் கூடத் தைத்துப் போட்ட பரம்பரை அல்லவா நாம்! சட்டை தொளதொளவென்று இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ரைஃபிள் பெரிதாக இருந்தால் குறி தவறும். மான் காயத்தோடு ஓடி எங்கேயோ புதரில் கிடந்து சாகும். எனக்குத் துப்பாக்கி தேர்வில் இருந்த ஒரே கவலை அதுதான்.

பெரிய தோட்டா போட்டுச் சுட்டால் ரைஃபிள் பின்னால் தோளில் உதைக்கும். தோள் வலிப்பது பெரிய விஷயமில்லை. நாலு முறை உதை வாங்கினால் அடுத்த முறை விசையை அழுத்தும் முன்பே கண் தானாக மூடிக்கொள்ளும், தோள் சுருங்கும். அந்தப் பயம் ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால் இறக்குவது கஷ்டம் என்று சுடுதளத்தில் பயிற்சி தருபவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். தாத்தா தன் 30-06இல் அவனுக்குத் தெரியாமல் வெற்றுத் தோட்டா ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். விசையை அழுத்தினான், வெடிக்கவே இல்லை, ஆனாலும் குழல் ஒரு சாண் ஆடியது. தாத்தா ஒன்றும் பேசாமல் அதை வாங்கி உறையில் போட்டுவிட்டு, 243 என்ற, உதை குறைந்த ரைஃபிளை எடுத்துக் கொடுத்தார். அதில் பையன் ஆடவே இல்லை.

243 வின்செஸ்டர் 1955இல் வந்தது. 308 என்ற தோட்டாவின் கழுத்தைக் குறுக்கி, சின்னக் குண்டு வைத்த வடிவம். உதை 30-06இல் ஏறக்குறைய பாதிதான். குண்டு சின்னது என்பதால் சரியான இடத்தில் பட வேண்டும் என்று குறை சொல்கிறவர்களும் உண்டு, நியாயம்தான். 7எம்எம்-08 என்று இன்னொன்று இருக்கிறது. அதுவும் 308இலிருந்து வந்ததே. குண்டு கொஞ்சம் கனம், உதையும் கொஞ்சம் கூட. கடைக்காரப் பையன் 6.5 கிரீட்மோர் என்ற தோட்டாதான் இப்போது எல்லாரும் வாங்குவது என்றான். அது தூரத்துக்கு ரொம்ப நல்லது. எங்கள் மலைக்காட்டில் மரங்களுக்கு நடுவே 100 கஜத்துக்கு மேல் பார்வையே போகாது, அந்தத் தூரம் எங்களுக்கு எதற்கு? மானின் நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். 100 கஜத்துக்குள் அந்த இடத்தில் தவறாமல் வைக்கிற கைக்கு 243 தாராளம். நான் அதிலேயே நின்றுவிட்டேன்.

தோட்டாவை விட முக்கியமானது, யாரும் பேசாதது, பின்கட்டையின் நீளம். விசையிலிருந்து கட்டையின் முனைவரை பெரியவர்கள் ரைஃபிளில் பதின்மூன்றரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். சிறுவர் ரைஃபிளில் ஓர் அங்குலமாவது குறைவு. முழங்கையை மடக்கி, கட்டையின் முனையை அந்த மடிப்பில் வைத்தால் ஆள்காட்டி விரலின் நுனிச் சதை விசைக்குச் சரியாக எட்ட வேண்டும். நீளம் கூடினால் பிள்ளை பின்னால் சாய்ந்து நின்று சுடுவான்; கன்னம் கட்டையில் பதியாது; குறி பார்க்கும் ஸ்கோப்பில் பாதி கறுப்பாகத் தெரியும். கடையில் அவன் முகத்தையும் முழங்கையையும்தான் பார்த்துக்கொண்டு நின்றேன், விலைச்சீட்டைப் பார்க்கவில்லை.

கடைசியில் வாங்கியது மாஸ்பர்க் நிறுவனத்தின் பேட்ரியட் வரிசையில் 'சூப்பர் பேண்டம்' என்ற சிறுவர் ரைஃபிள். போல்ட் வகை, ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். அடுத்த தோட்டா தானாக ஏறும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளால் பென்சில்வேனியாவில் மான் வேட்டை கூடாது, அதுவும் எனக்குப் பிடித்த சட்டம். முதல் குண்டிலேயே கவனம் வைக்கப் பழகுவான். இந்த ரைஃபிளின் பின்கட்டையில் ஒரு துண்டு செருகி நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம். அவருடைய "வளர்கிற பிள்ளை" வாதத்துக்கும் இடம் கொடுத்தாயிற்று. ஸ்கோப் 3-9 உருப்பெருக்கம், ரொம்பச் சாதாரணமானது. காட்டுக்குள் 3இலேயே வைத்துக்கொள் என்கிறார் தாத்தா, மான் கிட்டே வந்தால் 9இல் வெறும் ரோமம்தான் தெரியுமாம்.

குண்டு செம்பு. ஈயக் குண்டு பட்டவுடன் பொடிப்பொடியாகச் சிதறி, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைச் சுற்றியுள்ள கறிக்குள் போய்விடும். சாப்பிடப்போவது நாங்கள். செத்த மிச்சத்தைத் தின்ன வரும் கழுகுகளுக்கும் அதே விஷம். நம் ஊரில் டைக்லோஃபினாக் மருந்தால் பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்ததை வகுப்பில் நடத்துகிறாயே, அப்படியே இதையும் உன் மாணவிகளுக்குச் சொல். செம்புத் தோட்டா விலை கூடத்தான். வருஷத்துக்கு ரெண்டு பெட்டி போதும், பரவாயில்லை. கோடை முழுக்கச் சின்ன 22 ரைஃபிளில் பழகுகிறான், அது மலிவு, உதையும் கிடையாது. மானுக்கு அது கூடாது. காதுக்குக் கவசம் இல்லாமல் ஒரு குண்டு கூடச் சுட விடுவதில்லை. பெரிய ரைஃபிளின் சத்தம் 160 டெசிபெல் பக்கம் வரும், ஒரே வெடியில் செவி கெட்டுவிடலாம்.

இப்போது நீ கேட்காமல் விட்ட கேள்வி. இந்த நாட்டில் பள்ளிக்கூடங்களில் நடப்பதைப் படித்துவிட்டு, ஒரு அம்மாவாக எனக்குப் பயமில்லையா என்று நினைத்திருப்பாய். இருக்கிறது. பதின்வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் துப்பாக்கி கைக்கு எட்டும்படி இருந்தால், அந்தப் பிள்ளை ஒரு கெட்ட நாளில் தன்னையே மாய்த்துக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது என்பது இங்குள்ள மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. என்னைப் போல ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளுக்கு அது வெறும் செய்தி இல்லை. அதனால் ரைஃபிளுக்கு முன்பே இரும்புப் பெட்டி வாங்கினேன். தோட்டா இல்லாமல் அதில் பூட்டி இருக்கும். தோட்டா வேறு அலமாரியில், வேறு பூட்டு. ரெண்டு சாவியும் என்னிடம். அவனுக்கும் இது தெரியும், நேருக்கு நேர் காரணத்தோடு சொன்னேன். "சரிம்மா" என்றான். சட்டப்படியும் கடையில் 18 வயது நிறையாதவனுக்கு ரைஃபிள் விற்க முடியாது. படிவம் நிரப்பியது நான், மாநில போலீஸ் சரிபார்த்ததும் என்னைத்தான். காட்டுக்குள்ளும் பெரியவர் ஒருவர் துணையோடுதான் போக வேண்டும்.

பிறந்தநாளன்று பெட்டியைத் திறந்ததும் என்ன செய்தான் தெரியுமா? போல்ட்டைப் பின்னால் இழுத்து, உள்ளே காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தான். அதற்குப் பிறகுதான் சிரித்தான். வீட்டுக்காரருக்கு அந்த நிமிஷத்தில்தான் மனசு சமாதானமாயிற்று.

தேங்க்ஸ்கிவிங் என்கிற நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை ரைஃபிள் வேட்டைக்காலம் தொடங்குகிறது. திங்களன்று இந்தப் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றுக்கு விடுமுறை, எல்லாப் பிள்ளைகளும் காட்டில்தான் இருப்பார்கள். ஆரஞ்சுச் சட்டை, தொப்பி எல்லாம் தயார். மான் கிடைத்தால் தலையைப் பரிசோதனைக்குப் போடுவோம். மான்களை உருக்கிக் கொல்லும் சி.டபிள்யூ.டி. என்ற நோய் 2012இலிருந்து இந்த மாநிலத்திலும் இருக்கிறது. சுத்தம் என்று முடிவு வந்த பிறகே சமைப்போம். ரெண்டாவது ஒன்று கிடைத்தால் ஏழைகளின் உணவு வங்கிக்குக் கறி கொடுக்கும் அமைப்பு 1991இலிருந்து நடக்கிறது, அங்கே கொடுக்கலாம் என்று அவனே சொல்லியிருக்கிறான். எதுவும் கிடைக்காமலும் போகலாம். பனியில் நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது இங்கே சாதாரணம்.

நீ இதையெல்லாம் படித்தும் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், எனக்கு வருத்தமில்லை. உன் மனசில் பட்டதை அப்படியே எழுது. மூத்தவளும் என்ன நினைக்கிறாள் என்று கேள், அவள் தலைமுறையின் பதில் எனக்கு வேண்டும்.

அப்புறம், அம்மாவிடம் கேட்டு அந்த மிளகுக் கறி வறுவல் பக்குவத்தை எழுதி அனுப்பு. மான் கறியில் கொழுப்பே கிடையாது, சீக்கிரம் வறண்டு நார் நாராகிவிடுகிறது. தயிரில் எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும், தேங்காய் எண்ணெயா நல்லெண்ணெயா, குக்கரில் எத்தனை விசில் என்று விவரமாகக் கேட்டு எழுது. நவம்பர் கடைசிக்குள் வந்துவிட்டால் நல்லது.

அம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம்.

என்றும் உன்,
பழைய பெஞ்சுத் தோழி