பூட்டை உடைக்க வேண்டாம், நண்பா

திண்டுக்கல்

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தியைப் படித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் கடைசிப் பத்தியில், உன் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் இக்னிஷன் பூட்டு பத்து நாட்களாக இறுகிக் கிடக்கிறது என்றும், அதை உடைத்துவிட்டுப் புது லாக் செட் போடும்படி மெக்கானிக் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. 1996-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி அது. அதோடு வந்த பூட்டை உடைத்துவிட்டால் அதே பொருத்தத்தில் இன்னொன்று அமைவது அரிது. அவரை ஒரு வாரம் பொறுத்திருக்கச் சொல்.

சென்ற மார்கழியில் என் ஆர்எக்ஸ் 100-க்கும் இதே நிலை வந்தது. விடியற்காலையில் பால் வாங்கப் புறப்பட்டால் சாவி உள்ளே போகும், ஆனால் திரும்பாது. வெயில் ஏறிப் பத்து மணி ஆனதும் ஒன்றுமே நடவாததுபோல் திரும்பும். பல நாட்கள் கழித்துத்தான் காரணம் புரிந்தது. சாவி கடினமாக இருக்கிறதென்று இரண்டு ஆண்டுகளாகத் துளைக்குள் தேங்காய் எண்ணெய் விட்டுவந்தவன் நான். பனியில் பாட்டிலுக்குள் உறையும் எண்ணெய் பூட்டுக்குள் மட்டும் உறையாமல் இருக்குமா? அத்தோடு மீட்டர்களுக்கு நடுவே வானம் பார்த்தபடி இருக்கும் துளையில் விழுந்த மழைநீரும் மண்ணும் எண்ணெயில் ஒட்டிக் களிம்பாகிவிட்டிருந்தன. நீயும் எண்ணெய் விட்டிருந்தால் இன்றோடு நிறுத்திவிடு.

ஒருநாள் ரயில் நிலையத்திலிருந்து திரும்பியபோது சாவி 'ஆன்' நிலையிலேயே மாட்டிக்கொண்டது. இந்த வண்டியில் பாட்டரியைக் கழற்றினாலும் என்ஜின் நிற்காது, ஏனெனில் தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரம், என்ஜின் சுழலும்போதே மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோவிலிருந்து வருகிறது. பூட்டை அணைக்கும்போது கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர் எர்த்தோடு சேர்ந்து அந்தப் பொறியை அடக்குகிறது. டாப் கியரில் போட்டு, பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிளட்சை விட்டுத்தான் நிறுத்தினேன். நியூட்ரல் விளக்கு இரவெல்லாம் எரிந்து பாட்டரியைத் தின்றுவிடாமலிருக்க ஃபியூஸையும் கழற்றி வைத்தேன்.

மறுநாள் எங்கள் தெருவில் பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் போனேன். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைத் தலைமுறையாகச் செய்துவரும் குடும்பம் அவருடையது. அவர் செய்வது லீவர் வைத்த பூட்டு. வண்டிப் பூட்டு வேறு வகை. ஆனாலும் அவர் விளக்கியபோதுதான் எனக்குத் தெளிந்தது. உள்ளே இருக்கும் உருளையில் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றையும் ஒரு சின்ன ஸ்பிரிங் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. சரியான சாவி நுழைந்தால் அத்தனை தகடுகளும் உருளையின் வட்டத்துக்குள் அடங்கும். ஒரே ஒரு தகடு நூலளவு வெளியே நின்றாலும் பூட்டு அசையாது. பிறகு என் சாவியையும், பீரோவில் ஒருநாளும் பயன்படுத்தாமல் கிடந்த இரண்டாவது சாவியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். புதியதன் மேடுகள் கூராக நிற்க, நான் தினமும் பயன்படுத்தியதன் மேடுகள் கூழாங்கல்போல் மழுங்கியிருந்தன. அழுக்கு பாதி, தேய்மானம் பாதி என்றார்.

அவர் சொல்லிச் செய்ததை அப்படியே எழுதுகிறேன். முதலில் ஃபியூஸைக் கழற்றி, டேங்க்கின் பெயின்ட் கெடாதபடி மேலே கனமான துணியைப் போட்டுக்கொள். சிலர் துளைக்குள் பெட்ரோல் ஊற்றுவார்கள், அதை ஒருபோதும் அனுமதிக்காதே. டபிள்யூடி-40 போன்ற, அழுக்கையும் துருவையும் இளக்கும் ஸ்பிரேயைத் துளைக்குள் அடித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, சாவியைத் திருப்பாமல் உள்ளும் வெளியுமாக இருபது முறை செலுத்தி, ஒவ்வொரு முறையும் பழைய பனியன் துணியில் துடை. எனக்கு முதலில் வந்தது மை போன்ற கறுப்பு. பித்தளைத் துகள் அதில் மினுமினுத்தது. பஞ்சர் கடையில் காற்றடித்து அந்த அழுக்கை வெளியேற்றினோம். மூன்று முறை இப்படிச் செய்தபின் துணி வெளுப்பாகவே வந்தது. ஓர் இரவு காயவிட்டு, அதன்பின் எண்ணெய்க்குப் பதில் வழுவழுப்புத் தரும் கிராஃபைட் தூள் ஒரு சிட்டிகை, சாவியில் தடவிச் செலுத்தினால் போதும். அது மின்சாரம் கடத்தும் பொருள், கீழே கான்டாக்ட்டுகள் இருக்கின்றன, ஆகவே அள்ளிப் போடாதே.

குறடு கொண்டு மட்டும் திருப்பாதே. உன் சாவியின் கழுத்துப் பகுதியை நன்றாகப் பார். மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்தச் சாவியை உடனே ஒதுக்கிவிடு, இல்லாவிட்டால் பாதி துளைக்குள் தங்கிவிடும். அவசரத்துக்கு, சாவியை முழுவதும் செலுத்தி, நூலிழை அளவு பின்னிழுத்து, இரு விரலால் மென்மையாகத் திருப்பிப் பார். தேய்ந்த சாவி பெரும்பாலும் அங்கே பிடிக்கும்.

மாற்றுச் சாவி வெட்டுவதானால் தேய்ந்ததைக் கொடுத்து வெட்டாதே, தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். வண்டி வாங்கிய அன்று கொடுத்த இரண்டாவது சாவியை, ஆர்.சி. புத்தகம் இருக்கும் டப்பாவில் தேடிப் பார். அது அங்கே இல்லாவிட்டால் பூட்டைக் கழற்றி பஸ் ஏறி வந்துவிடு. பெரியவர் தகடுகளைப் பார்த்து, அவற்றுக்கேற்ற புதுச் சாவியை அரத்தால் ராவித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கடிதத்தோடு ஒரு காகிதப் பொட்டலத்தில் கிராஃபைட் தூள் வைத்திருக்கிறேன். காற்றாடியை அணைத்துவிட்டுப் பிரி.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்