ஈதர்நெட் போர்டின் மோட் பின்னில் தவறான ரெசிஸ்டர்: மாற்றீடும் திருத்திய கையேடும் கோரல்

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

உங்களிடம் வாங்கிய ஈதர்நெட் போர்டுகளை, குளிர் அறைகளின் வெப்பநிலையைப் பதியும் கருவிகளில் பொருத்தி, புறக்கோட்டையிலும் பேலியகொடையிலும் உள்ள மொத்த வியாபாரிகளுக்குக் கொடுத்திருக்கிறோம். பகலில் ஒரு குறையும் தெரியாது. பிங் அடித்தால் பதில் வருகிறது, சுவிட்சில் விளக்கும் எரிகிறது. இரவில் நாள் முழுவதற்குமான பதிவை சேர்வருக்கு ஏற்றத் தொடங்கியதும் வேகம் படுத்துவிடுகிறது. சில இடங்களில் பாதியிலேயே அறுந்துபோகிறது.

கேட்கும்போதெல்லாம் "கேபிளை மாற்றிப் பாருங்கள்" என்பதுதான் உங்கள் தொழில்நுட்பப் பிரிவின் பதில். மாற்றிப் பார்த்தாயிற்று. சுவிட்ச் பக்கம் லேட் கொலிஷன் (காலம் தாழ்த்தி நேரும் தரவு மோதல்) ஏறிக்கொண்டே போகிறது. உங்கள் ஃபர்ம்வேர் (போர்டின் உள் மென்பொருள்) காட்டும் கணக்கில் சிஆர்சி பிழை, அதாவது தரவு சிதைந்து வந்ததைக் காட்டும் பிழை, ஏறுகிறது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் டுப்ளெக்ஸைத்தான், அதாவது இரு முனையும் ஒரே நேரத்தில் அனுப்பிப் பெறுகின்றனவா (ஃபுல்), மாறி மாறியா (ஹாஃப்) என்பதைத்தான், பார்க்க வேண்டும்.

பார்த்தோம். போர்டில் இருப்பது லேன்8720ஏ என்ற ஈதர்நெட் சிப். குற்றம் அதில் இல்லை. மின்சாரம் வரும்போதும் ரீசெட் ஆகும்போதும் அது தன் மூன்று மோட் பின்களைப் படித்து, எந்த முறையில் இயங்குவதென்று முடிவுசெய்கிறது. உள்ளேயே புல்-அப் (பின்னை 1 நிலைக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) இருப்பதால், பின்களை அப்படியே விட்டால் 111 என்று படிக்கும். ஓட்டோ நெகோஷியேஷனோடு (இரு முனையும் தாமே பேசி வேகத்தையும் டுப்ளெக்ஸையும் ஒத்துக்கொள்வது) எல்லா முறையும் கிடைக்கும். உங்கள் போர்டிலோ மூன்றாவது மோட் பின்னிலிருந்து, அதாவது சிஆர்எஸ்-டிவி என்ற சமிக்ஞைத் தடத்திலிருந்து, ஒரு ரெசிஸ்டர் தரைக்கு இழுக்கிறது. அதனால் 011 ஆகிவிடுகிறது: 100 மெகாபிட், ஃபுல் டுப்ளெக்ஸ், நெகோஷியேஷன் கிடையாது. எதிரில் இருக்கும் சுவிட்ச் சமிக்ஞையைக் கேட்டு வேகத்தைக் கண்டுபிடித்துவிடும், டுப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லை. அப்படியான நிலையில் ஹாஃப் டுப்ளெக்ஸுக்குப் போக வேண்டும் என்பது ஈதர்நெட்டுக்கான ஐஇஇஇ 802.3 தரநிலையின் விதி. சுவிட்ச் விதிப்படிதான் நடக்கிறது. போர்டு ஃபுல்லில், சுவிட்ச் ஹாஃபில் இருப்பதால்தான் இந்தப் பிழைகள்.

ஒரு போர்டில் அந்த ரெசிஸ்டரைக் கழற்றினோம். இரு முனையும் ஃபுல் டுப்ளெக்ஸில் இணைந்தன, பிழைக் கணக்கு நின்றது, இரவுப் பதிவு தடங்கலின்றி ஏறியது.

உங்கள் கையேடோ "ஓட்டோ நெகோஷியேஷன் இயல்பாகவே இயங்கும்" என்கிறது. வேண்டுமானால் சிப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் உள் நினைவிடமான ரெஜிஸ்டர் 0இன் 12ஆம் பிட்டை 1 ஆக்கச் சொல்கிறது. சிப் அதற்கு இடம் தருகிறது, உண்மைதான். ஆனால் ரெஜிஸ்டருக்கு எழுதும் வழியை உங்கள் டிரைவர் எங்களுக்குத் திறந்துவிடவில்லை. பூட்டை நீங்களே போட்டுவிட்டு, திறந்துகொள்ளுங்கள் என்று எழுதினால் எப்படி? மருந்தும் மீனும் இருக்கிற அறைகள் இவை. ஓர் இரவின் பதிவு விடுபட்டால் அதற்கு எங்கள் வாடிக்கையாளர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கழற்றிப் பார்த்த ஒன்றைத் தவிர மற்றப் போர்டுகளில் நாங்கள் கைவைக்கவில்லை. சூடுபோட்ட (சோல்டரிங் செய்த) தடயம் இருந்தால் உத்தரவாதம் இல்லை என்று பற்றுச்சீட்டில் நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள்.

ஆகவே, பொருத்திய போர்டுகள் உட்பட அனைத்தையும் உங்கள் செலவில் மாற்றித் தாருங்கள். கழற்றிப் பார்த்த போர்டுக்கும் உத்தரவாதம் செல்லும் என்று எழுத்தில் தாருங்கள். மோட் பின்களின் இணைப்பைக் காட்டும் சரியான சுற்றுப்படமும் திருத்திய கையேடும் வேண்டும். இதே போர்டை வாங்கிய மற்றவர்களுக்கும் அறிவியுங்கள். அவர்களும் இப்போது கேபிளைத்தான் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவேன். பற்றுச்சீட்டின் பிரதி, சுவிட்ச் கணக்கின் படங்கள், ரெசிஸ்டர் இருக்கும் இடத்தைக் குறித்த புகைப்படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இங்ஙனம்,
உங்கள் வாடிக்கையாளர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.