பேட்ஜைத் திருப்பித் தர ஒரு வழி வையுங்கள்

அனிமே, காமிக்ஸ் ரசிகர் மாநாடு நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். அனிமே என்னும் ஜப்பானியக் கார்ட்டூனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மகளுக்குத் துணையாக வருகிறவன். கதாபாத்திரம் போல வேடமிட்டு, அட்டையில் வெட்டி ஒட்டிய கவசத்தை மாட்டிக்கொண்டு அவள் முன்னால் நடப்பாள். தண்ணீர் பாட்டிலும் பசை டியூபுமாக நான் பின்னால் வருவேன். உங்கள் அரங்குகளில் என்னைப் போன்ற அப்பாக்களை நிறையப் பார்த்திருப்பீர்கள்.

இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. உங்கள் வரிசைகளில் தமிழ்க் குடும்பங்கள் பல நிற்கின்றன. 2024 பிப்ரவரியில் சென்னைக்கும் காமிக் கான் என்னும் காமிக்ஸ் ரசிகர் மாநாடு போய்விட்டது. அங்கே நடத்துகிறவர்களும் படிக்கட்டும்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு மாநாட்டுக்குப் புறப்படும் காலையில் மகளுக்குத் தொண்டை வலி, உடம்பு லேசாகச் சுட்டது. பேட்ஜுக்கும் (மாநாட்டு நுழைவு அட்டைக்கும்) ஓட்டல் அறைக்கும் ஆறு மாதம் முன்பே பணம் கட்டியாயிற்று. பேட்ஜைத் திருப்பித் தர முடியாது, வேறொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. ஒரு மாத்திரையைக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனேன். ஓட்டல் லிஃப்டில் பதினைந்து பேர் நெருக்கியடித்து நின்றபோது அவள் இருமினாள். நான் மேலே எரிந்த மாடி எண்ணைப் பார்த்தபடி நின்றேன்.

மாநாடு முடிந்து வீடு திரும்பியதும் வரும் காய்ச்சலுக்கு ரசிகர்கள் 'கான் கிரட்' ('கான்' என்றால் மாநாடு, 'கிரட்' என்றால் அழுக்கு) என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். திருவிழா பார்த்துவிட்டு வந்தால் தொண்டை கட்டத்தானே செய்யும் என்று நாம் விட்டுவிடுவதைப் போலத்தான் இதுவும். ஆனால் 2009 செப்டம்பரில் சியாட்டிலில் நடந்த பாக்ஸ் வீடியோ கேம் விழாவில் பரவியது சாதாரணச் சளி அல்ல, அந்த ஆண்டு உலகையே சுற்றிய பன்றிக் காய்ச்சல். சுமார் நூறு பேர் தங்களுக்குக் காய்ச்சல் கண்டதாகத் தெரிவித்தார்கள். அதற்கும் விழாவின் பெயரோடு அம்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து ஒரு கேலிப் பெயர் வைத்தார்கள். தமிழில் எழுதினால் 'பாக்ஸ் பாக்ஸ்' என்றுதான் வரும்!

காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமானதல்ல. ஃப்ளூ கிருமி உடம்பில் நுழைந்து இரண்டு நாளில் வேலையைக் காட்டும். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பிறருக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும். உங்கள் மாநாடோ மூன்று நாள், நான்கு நாள். வியாழக்கிழமை கிருமியை வாங்கியவர் சனிக்கிழமை அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். இதில் தூக்கம் கிடையாது, சாப்பாடு நேரத்துக்குக் கிடையாது, தொண்டை கிழியக் கத்தல், ஓர் அறையில் ஆறு பேர் படுக்கை.

2021 நவம்பரில் நியூயார்க்கின் ஜாவிட்ஸ் மையத்தில் அனிமே என்ஒய்சி என்னும் ரசிகர் மாநாடு நடந்தது. கொரோனாவின் தொடக்கத்தில் தற்காலிக மருத்துவமனையாக இருந்த அதே கட்டடம். சுமார் 53,000 பேர் வந்தார்கள். வந்துபோன மினசோட்டாக்காரர் ஒருவருக்கு ஓமிக்ரான் என்னும் புதுவகைக் கொரோனா என்று டிசம்பர் 2-ல் அறிவித்ததும் ஊரே பதறியது. ஆய்வில் தெரிந்தது வேறு. பரிசோதனை முடிவு கிடைத்த 4,560 பேரில் தொற்று இருந்தது 119 பேருக்குத்தான், அதாவது 2.6 விழுக்காடு. தடுப்பூசிச் சான்று, முகக்கவசம், நுண்வடிகட்டி வைத்த காற்றோட்டம் எல்லாம் சேர்ந்து அரங்கைக் காப்பாற்றியிருக்க வேண்டும். ஆனால் அந்த மனிதரோடு சேர்ந்து சுற்றிய நண்பர் குழுவில் சுமார் முப்பது பேர்; ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொற்று. ஒன்றாகச் சாப்பிட்டதும் பாடியதும் தங்கியதும் அரங்குக்கு வெளியே.

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அறிகுறி தெரிந்ததே மாநாடு முடிந்த பிறகு. அப்படித் தெரியாமல் வருகிறவரிடமிருந்து மற்றவர்களைக் காக்க நல்ல காற்றோட்டம் வேண்டும், முகக்கவசம் வேண்டும். தெரிந்தே வருகிறவனை, அதாவது என்னை, வீட்டில் நிறுத்த அதெல்லாம் வேண்டாம், உங்கள் பணத்திருப்பு விதி ஒன்று போதும். லிஃப்டிலும் ஓட்டல் அறையிலும் உங்கள் வடிகட்டி வேலை செய்யாது. அந்தக் காலையில் நான் எடுக்கும் முடிவு மட்டும்தான் அங்கே தடுப்பு. அந்த முடிவின் விலையை நிர்ணயிப்பது நீங்கள்.

என்னையாவது விடுங்கள், எனக்கு நஷ்டம் சில நூறு டாலர். உங்கள் அரங்கில் மேசை போட்டுப் படம் வரைந்து விற்கும் கலைஞர்களைப் பாருங்கள். மேசைக்கு வாடகை முன்பணம், அச்சடித்த படங்களுக்குச் செலவு, விமானச் சீட்டு. பலருக்குச் சம்பளத்தோடு விடுப்பு என்பதே கிடையாது. நாளெல்லாம் அதே நாற்காலியில், முன்னால் குனிந்து பேசும் ஒவ்வொருவரின் மூச்சையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். 101 டிகிரி காய்ச்சலோடும் அவர்கள் வரத்தான் செய்வார்கள். மேசையை அடுத்த வருடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தால், சிலராவது படுத்து ஓய்வெடுப்பார்கள்.

முடியாது என்று சொல்லாதீர்கள். 2020-ல் சான் டியேகோ காமிக் கான் ரத்தானபோது, பேட்ஜ் வாங்கியவர்கள் பணத்தைத் திரும்பப் பெறலாம் அல்லது அடுத்த ஆண்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். லட்சத்துக்கு மேல் ஆட்கள் வரும் மாநாடு அது. மொத்தக் கூட்டத்துக்கும் செய்ய முடிந்ததைக் காய்ச்சல்காரர்களுக்கு மட்டும் செய்ய முடியாதா? பொய் சொல்லி ஏமாற்றுவார்கள் என்பீர்கள். சரி, பணமாகத் தர வேண்டாம், அடுத்த ஆண்டுப் பேட்ஜாகவே கொடுங்கள். ஏமாற்றுகிறவரும் உங்கள் மாநாட்டுக்குத்தானே வரப்போகிறார்?

இன்னொன்று, சின்ன விஷயம்தான். வாசலுக்கு வாசல் சானிடைசர் வைக்கிறீர்கள், நல்லது. வாந்தி பேதி உண்டாக்கும் நோரோ வைரஸ் அதற்கு அவ்வளவாக மசியாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். மூன்றாம் நாள் மாலை உங்கள் கழிவறைகளில் சோப்பு இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பாருங்கள்.

மகள் அடுத்த கவசத்துக்கு அட்டை வெட்ட ஆரம்பித்துவிட்டாள். பேட்ஜ் விற்பனை தொடங்கும் முன் உங்கள் புதிய விதியைச் சொல்லிவிட்டால் நல்லது. 'முப்பது நாள் முன்பே தெரிவிக்க வேண்டும்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டுக்குக் காய்ச்சல் அன்று காலையில்தான் வந்தது.

இப்படிக்கு,
பசை டியூபோடு பின்னால் வரும் ஓர் அப்பா