செயலி செய்கிறவர்கள் ஒருநாள் எங்கள் கடைக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் சிறிய கொமினிகேஷன் கடை ஒன்று நடத்துகிறேன். போட்டோகொப்பி, லமினேற்றிங், ரீலோட் என்று தொடங்கிய கடை. இப்போது வருகிறவர்களில் பலர் போனை என் கையில் தந்து, "பிள்ளை, இதுக்குள்ள என்னவோ கேக்குது, ஒருக்கா அடிச்சு விடு" என்கிறார்கள். வங்கிச் செயலி, கரண்ட் பில், பேரப்பிள்ளையின் பதிவு என்று எல்லாம் வரும். இதில் எனக்கு வருமானம் இருக்கிறது. ஆனாலும் இந்த வேலையில் பெரும்பகுதி என்னிடம் வரவே கூடாது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போனோடு சேர்த்துக் கடவுச்சொல்லையும் சொல்லிவிடுகிறார்கள். ஓரிபி (OTP), அதாவது ஒருமுறை மட்டும் பாவிக்கும் ரகசிய இலக்கம், குறுஞ்செய்தியில் வந்தால் நாலுபேர் நிற்கும் கடையில் சத்தமாக வாசிக்கிறார்கள். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அந்தக் குறுஞ்செய்தியிலேயே எழுதியிருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனியாகச் செய்துமுடிக்க முடியாத ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, ரகசியமாக வைத்திரு என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்?

பிறந்த திகதி கேட்கும் இடத்தைப் பாருங்கள். அநேகமான படிவங்களில் நாட்காட்டி ஒன்று திறக்கும், அதில் இந்த மாதம் நிற்கும். 1951இல் பிறந்த அம்மா ஒவ்வொரு மாதமாகப் பின்னால் தள்ளிக்கொண்டு போவார். மேலே இருக்கும் ஆண்டைத் தொட்டால் நேரே போகலாம் என்று திரையில் எங்கும் எழுதியிருக்காது. இத்தனைக்கும் அதற்கு முந்திய பெட்டியிலேயே அவர் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துவிட்டார். பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது; பெண்ணானால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2016இல் வந்த 12 இலக்க அட்டையில் ஆண்டே நான்கு இலக்கமாக இருக்கிறது. ஆக, திகதியும் தெரியும், ஆணா பெண்ணா என்பதும் தெரியும். செயலியே நிரப்பிக் காட்டிவிட்டு, சரியா என்று மட்டும் கேட்டால் போதாதா? இலக்கத்தைப் பிழையாக அடித்திருந்தாலும் அந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும்.

அதைவிடக் கொடுமை, அடித்ததெல்லாம் அழிந்துபோவது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு வங்கியின் செயலியில் எல்லா விபரமும் தானே நிரப்பினார். ஓரிபி பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போய்த் திரும்பி வந்தால் முதல் பக்கம் நிற்கிறது. மறுபடி நிரப்பினார், மறுபடியும் அதே கதை. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவர், எனக்கு மூளை மங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தார். அதைக் கேட்க எனக்குக் கோபம்தான் வந்தது. ஆண்ட்ரொய்ட் போனில் வரும் ஓரிபியைச் செயலியே எடுத்து நிரப்ப வழி இருக்கிறது, பல செயலிகள் அப்படிச் செய்கின்றன. அதுவும் வேண்டாம், அரைவாசி நிரப்பிய படிவத்தை அப்படியே வைத்திருந்தாலே போதும்.

நன்றாகச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2022இல் எரிபொருள் இல்லாமல் அலைந்த நாட்களில் எரிபொருளைப் பங்கிட வந்த கியூஆர் முறையை நாங்கள் எல்லோரும் பாவித்தோம். அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செசி இலக்கம் கொடுத்து ஒருமுறை பதிந்தால் சரி. பட்டன் போன் வைத்திருந்தவரும் மகனின் போனில் பதிந்து, அந்தச் சதுரத்தை அச்சடித்து என்னிடம் லமினேற் பண்ணிக்கொண்டு போனார். அதன்பிறகு அந்த விடயமாக அவர் என்னிடம் வரவேண்டி இருக்கவில்லை. ஸ்கான் பண்ணும் போன் எண்ணெய் அடிக்கிறவரின் கையில் இருந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று தொடங்கிய கணக்கை அந்தப் போனே பார்த்துக்கொண்டது. கஷ்டமான பகுதியை மக்களின் தலையில் போடாமல் பெற்றோல் செட்டின் பக்கம் வைத்தவர்கள் யாரோ, அவர்கள் கெட்டிக்காரர்கள். 2023இல் அந்த முறை நின்றுவிட்டது, ஆனால் அதிலிருந்து படிக்க இன்னும் நிறைய இருக்கிறது.

வட்ஸ்அப்பின் குரல் பதிவும் அப்படித்தான். 2013இல் வந்தது. மைக்கை அமத்திப் பிடித்துப் பேசிவிட்டு விட்டால் போய்விடும். எழுத வராத ஆச்சியும் ரொறன்ரோவில் இருக்கும் மகளோடு அதில் சண்டை பிடிக்கிறார். யாரும் படிப்பித்துக் கொடுக்கவில்லை. கூகிள் விசைப்பலகையில் குரலால் எழுத 'தமிழ் (இலங்கை)' என்று தனியாகவே ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் பெரியவர்கள் நீளமான கடிதமே சொல்லி எழுதிவிடுகிறார்கள். இது தெரியாமல் இருப்பவர்கள் அதிகம், வாசகர்கள் வீட்டில் இருக்கும் பெரியவர்களின் போனில் ஒருக்கால் போட்டுக் கொடுங்கள்.

2025 பெப்ரவரியில், அரசுக்குக் கட்டுவதை இணையத்தில் கட்டும் கவ்பே (GovPay) தொடங்கியபின் அரச கட்டணங்களும் ஒவ்வொன்றாகப் போனுக்குள் வருகின்றன. நல்லது, கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) வங்கிக்கும் அலைவது குறையும். ஆனால் செய்கிறவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி வைத்த போனில் ஒருமுறை திறந்து பார்க்கட்டும். எங்கள் கடைக்கு வரும் போன்களில், கீழே இருக்க வேண்டிய பொத்தான் திரைக்கு வெளியே போய்விடுகிறது. 'சமர்ப்பிக்கவும்' என்பது 'சமர்ப்' என்று வெட்டுப்பட்டு நிற்கிறது. சிவப்பில் பிழை என்று வரும், எது பிழை என்று வராது.

யாழ்ப்பாணத்திலேயே மென்பொருள் நிறுவனங்கள் இருக்கின்றன. யாழ் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது, எங்களைப் போன்ற ஒரு கடையில் ஒரு காலைப்பொழுது வந்து இருங்கள். போனைக் கடைக்கு வருகிறவர்களின் கையிலிருந்து வாங்காமல், விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். போட்டோகொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் கதிரை போட்டுத் தருகிறேன். பென்ஷன் எடுக்கிற கிழமையில் வந்தால் நல்லது, வயதானவர்கள் அப்போதுதான் அதிகம் வருவார்கள்.

இப்படிக்கு,
கொமினிகேஷன் கடை நடத்தும் வாசகி,
சுன்னாகம்.