வாச்சர் ஐயாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். போன தவணை மகன் இன்னொரு பிள்ளைக்கு அடித்து, அவனைப் பள்ளிக்கூடம் மாற்றச் சொல்லிக் கதை வந்து எங்கள் வீடு பட்ட பாடு விசுவமடுப் பக்கம் தெரியாத ஆள் இல்லை, அதனால் அதை முழுக்கத் திரும்பவும் எழுதவில்லை. மகன் இப்போது ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறான். நேற்று வகுப்பு ரீச்சர் கூப்பிட்டதும் பழையபடி நெஞ்சு திக்கென்றது, போய்ப் பார்த்தால் அவனைப் பாராட்டத்தான் கூப்பிட்டிருக்கிறா. வாசலில் நின்றே அழுதுவிட்டேன்.

அவனை வேறு பள்ளிக்கூடம் மாற்றச் சொல்லி வந்த கதைக்கெல்லாம் காது கொடுக்காத அதிபருக்கும், ரீச்சருக்கும், விளையாட்டுக் கழகத்துக்குப் பொறுப்பான சேருக்கும், பொறுமையாக இருந்து கதைத்த உளவளத்துணை ஆசிரியருக்கும், இவனிடம் அடி வாங்கிய தன் பிள்ளையை இவனோடேயே ஒரே பக்கத்தில் விளையாட விட்ட அந்தத் தாய்க்கும் என் நன்றி.

பள்ளிக்கூடக் காவலாளியான வாச்சர் ஐயாவைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். புதன்கிழமை பின்னேரம் கழகம் கூடும்போது இவன் மதிலில் குந்தியிருந்து கல் எறிவான். ஐயா ஏசவில்லை. பழைய பால்மா ரின் ஒன்றின் அடியில் ஓட்டை குத்தி, அதற்குள் தன் வீட்டு அடுப்புச் சாம்பலை நிரப்பிக்கொண்டு வந்து, "தம்பி, கிளித்தட்டுக்குக் கோடு போட வேணும், எனக்குக் குனிய ஏலாது, நீ வாறியே?" என்று கேட்டாராம். ஒருத்தரும் சொல்லி அவர் செய்யவில்லை, அது அவருடைய வேலையும் இல்லை. எங்கேயும் "வராதே" என்றே கேட்டுப் பழகிய பிள்ளை இறங்கிப் போய்விட்டான்.

கோடு கோணினால் மற்றப் பிள்ளைகள் விடுவார்களா? கயிற்றில் முடிச்சுப் போட்டு அளக்க ஐயாவே காட்டிக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து முற்றம் முழுக்க அளந்தான், "அம்மா, இருபத்துநாலு அடியை நாலு பெட்டியாய்ப் பிரிச்சால் ஒண்டு எத்தனை?" என்று கேட்டான். கணக்குக் கொப்பியைக் கண்டாலே ஓடுகிறவன்!

அப்புறம் ஆட்டத்திலும் சேர்த்துக்கொண்டார்கள். கிளித்தட்டில் ஒரு பக்கம் பெட்டி பெட்டியாய்க் கோடு தாண்டிப் போகப் பார்க்கும், மற்றப் பக்கம் கோடுகளில் நின்று தொட்டு மறிக்கும். மறிக்கிறவர்களில் கிளி என்கிற ஒருவர் மட்டும்தான் நடுக்கோட்டில் ஓடித் திரியலாம், குறுக்குக் கோட்டில் நிற்கிறவர் தன் கோட்டை விட்டு அரக்கக்கூடாது. எதிராளி முன்னால் நின்று நெளித்துக் காட்டினாலும் பாயாமல், கையை நீட்டிக்கொண்டு அவன் கால் வைக்கும் வரை பார்த்திருக்க வேண்டும். இருந்த இடத்தில் இருக்கமாட்டாத என் பிள்ளை அந்த ஒற்றைக் கோட்டில் நிற்கப் பழகினான். வகுப்பிலும் இப்போது தன் முறை வரும் வரை இருக்கிறானாம். நாங்கள் எத்தனை தரம் அடித்தும் ஏசியும் வராத பொறுமை இது.

"அடுத்த வருசம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை, விளையாட விட்டால் படிப்பு என்னாகும்?" என்று சிலர் கேட்கிறீர்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள், சரி. ஆனால் 5 வயது முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனமே சொல்கிறது. விளையாட்டு பிள்ளையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தில் 31ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது, இலங்கையும் 1991இல் அதை ஏற்றுக்கொண்ட நாடுதான். ரியூசன் கொட்டிலில் பின்னேரம் முழுக்கக் குந்தவைத்த பிள்ளைக்கு எதுதான் தலையில் ஏறும்?

வருகிற பெற்றோர் கூட்டத்தில் புதன்கிழமைப் பின்னேரத்தையும் வகுப்புக்கு எடுக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், முதலில் எழும்பி மறுக்கிறது நானாகத்தான் இருப்பேன், இப்போதே சொல்லி வைக்கிறேன். இனிமேல் கோட்டுக்குச் சாம்பல் எங்கள் வீட்டில் இருந்து வரும், ஐயா சுமக்கத் தேவையில்லை. அந்தக் கயிறும் நைந்துவிட்டது, வீட்டில் நல்ல நைலோன் கயிறு சும்மா கிடந்தால் புதன்கிழமைக்கு முன் வாச்சர் ஐயாவிடம் கொடுத்துவிடுங்கள்.